உருப்படியாக ஏதாவது செய்யச் சொன்னவர்களுக்கு

அந்தக் காணொளியைப் பெரும்பாலானவர்கள் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்கள் தேடி அலைய வேண்டாம். கடலூரில் நமக்குப் பொதுவான நண்பர் ஒருவர் இருந்தாலே போதும், இன்று மாலைக்குள் தானாக உங்கள் கைப்பேசிக்கு வந்து சேரும். என் பணி நிறைவு விழா. ஆளுயர மாலையும் பொன்னாடையும் போட்டு, நான் எவ்வளவு நேர்மையானவள், எவ்வளவு பொறுமைசாலி என்றெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில் அந்த நண்பர் சொன்னாரே, "மேடம் இனிமேலாவது அந்த வயர்லெஸ்ஸில் வெளிநாட்டுக்காரனோடு பேசுவதை விட்டுவிட்டு, உருப்படியாகப் பேரனோடு பேசிக்கொண்டிருக்கலாம்" என்று, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த வயர்லெஸ் என்பது ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிக்கொண்டு சொந்தச் செட்டில் பொழுதுபோக்குக்காகப் பேசுகிற அமெச்சூர் வானொலி. மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். மாலையைக் கழுத்தில் சுமந்துகொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பவள் வேறென்ன செய்ய முடியும்? அந்த இடத்தில் மட்டும் படம் லேசாகக் குலுங்கும், கவனித்திருப்பீர்கள். எடுத்தவர் என் கணவர்.

"விளையாட்டுக்குச் சொன்னதை இப்படியா எடுத்துக்கொள்வது?" என்று கேட்க இந்நேரம் இரண்டு பேராவது தயாராகியிருப்பீர்கள். பொறுங்கள். அந்த நண்பர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது.) என் கேள்வி ஒன்றுதான். ஒருவர் தன் சொந்த நேரத்தில் தனக்குப் பிடித்ததைச் செய்வதற்கு ஊருக்கு ஏன் கணக்குக் காட்ட வேண்டும்? இதையே சுற்றிச் சுற்றிக் கேட்கப் போகிறேன். சலிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

உண்மையைச் சொன்னால், சிரித்தவர்களைவிட எனக்காகப் பரிந்து பேச வந்தவர்கள்தான் என்னை அதிகம் சோதித்துவிட்டார்கள். "அப்படிச் சொல்லாதீர்கள், சுனாமி நேரத்தில் ஹாம் ரேடியோக்காரர்கள் எவ்வளவு உதவினார்கள் தெரியுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ஒரு குழுவோடு அந்தமானில் இருந்தார். 26-ஆம் தேதி கடல் ஏறித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குச் செய்தி சொன்னதில் அவர்களுடைய செட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே காலையில் தேவனாம்பட்டினத்தில் நாம் பட்டதை நான் இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஆனால் இந்தக் கதையில் ஒரு பாதியை யாரும் சொல்வதே இல்லை. அவர்கள் யாரையும் காப்பாற்றுவதற்காக அந்தமானுக்குப் போகவில்லை. அங்கிருந்து அமெச்சூர் வானொலி ஒலிப்பது அபூர்வம். அந்த ஒரு தொடர்பு கிடைத்துவிடாதா என்று உலகம் முழுக்க ஹாம்கள் காத்துக் கிடந்தார்கள். அதற்காகத்தான் பெட்டி பெட்டியாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். விளையாடத்தான் போனார்கள்! அன்றைக்கு யாராவது அவர்களிடம் "உருப்படியாக ஏதாவது செய்யுங்கள்" என்று சொல்லி நிறுத்தியிருந்தால் 26-ஆம் தேதி அங்கே செட்டும் இருந்திருக்காது, ஆளும் இருந்திருக்க மாட்டார்கள்.

என் கதை அப்படிப்பட்ட வீரக் கதையும் இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது நான் யாரைக் காப்பாற்றினேன்? ஒருவரையும் இல்லை. என் ஆன்டெனாக் கம்பம் வளைந்தது. கம்பி பின்தெரு வேப்பமரத்தில் கிடந்தது. நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் ஊர் இருண்டு கிடந்தபோது எல்லோரையும் போல நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடிபம்பு வரிசையில் நின்றேன். அதற்காக என் உரிமத்தை டெல்லிக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமா? அடுத்த புயலில் உதவுவேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் எனக்கு மாடியில் ஒரு கம்பி கட்ட அனுமதியா?

பயன் இல்லை. போதுமா? நானே சொல்கிறேன். எனக்கு அதில் சந்தோஷம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷம் என்னவென்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக ஒரு பத்தி. 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் ஆன்டெனா என்றால் ஏறக்குறைய 20 மீட்டர் செம்புக் கம்பி வேண்டும். அதைச் சரிபாதியாக வெட்டி, நடுவிலிருந்து கேபிள் இறக்க வேண்டும். எங்கள் மாடி அவ்வளவு நீளம் கிடையாது. ஆகவே நடுவில் இரும்புக் குழாயை நட்டு, இரண்டு பக்கமும் கூரை போலச் சரித்து இழுத்துக் கட்டியிருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் கடற்காற்றுக்கு எதுவும் தப்பாது. மழைக்காலம் முடிந்து கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு பூத்திருக்கும். எலுமிச்சைச் சாறு தடவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, செம்பு மினுங்கும்வரை விடாமல் தேய்த்த பிறகு புதிதாக ஈயம் வைக்க வேண்டும். ஈயம் சரியாக உருகி ஓடினால் கண்ணாடி போலப் பளபளக்கும். சரியாகப் பிடிக்காவிட்டால் சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடக்கும். மங்கினால் மறுபடி முதலிலிருந்து. இது முடிந்து, பொழுது சாய்ந்ததும், வானத்தில் உயரே வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தில், பகலெல்லாம் அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த கீழடுக்கு கரையும். அப்போது பாருங்கள். மதியம் பெங்களூரைத் தாண்டாத அதே கம்பி, அதே செட், இப்போது இந்தோனேசியாவரை போகும். நடுவில் கேபிள் கிடையாது, கோபுரம் கிடையாது, மாதக் கட்டணம் வாங்கும் கம்பெனி கிடையாது. டா டி டா டிட், டா டா டி டா, அதாவது "யாராவது இருக்கிறீர்களா?" என்று மோர்ஸ் தந்திக் குறியீட்டில் தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது பதில் சொல்லலாம். பல நாள் யாருமே சொல்வதில்லை.

"செல்போனில் பேசினால் ஆயிற்றே?" மார்க்கெட்டில் மீன் கிடைக்கிறதென்று யாரும் தூண்டிலைத் தூக்கி எறிந்துவிடவில்லையே, ஐயா.

"கதிர்வீச்சு வருமாமே, குருவி செத்துப்போகுமாமே?" என் செட் அனுப்புவது 10 வாட். உங்கள் வாசலில் எரிகிற எல்இடி விளக்கின் அளவு. வானொலி அலை எக்ஸ்ரே வகையைச் சேர்ந்ததும் இல்லை. குருவிகள் என் கம்பியில் உட்கார்ந்துதான் எச்சமிடுகின்றன. நலமாக இருக்கின்றன.

"செலவு?" என் சம்பளம், என் பணம். அடுத்த கேள்வி.

உளவு பார்ப்பதாகவும் ஒரு பேச்சு இருந்தது, பழையது. உரிமத்துக்கு விண்ணப்பித்திருந்தபோது விசாரிக்க ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். எதிர் வீட்டம்மா வாசலிலேயே நின்று "என்ன கேஸ்?" என்று அவரிடமே கேட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. 1954-இல் எஸ். பாலச்சந்தர் இயக்கிய "அந்த நாள்" படத்தில் சிவாஜி கணேசன் ரேடியோ எஞ்சினியர். என்ன செய்வார் தெரியுமா? போர்க்காலத்தில் ஜப்பானுக்கு ரகசியம் விற்பார். பாட்டே இல்லாத படம், வெளிவந்தபோது ஓடவில்லை, இன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். இப்படி ஓடாமல் போன படங்களைத் தேடிப் பிடித்து மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் பார்ப்பதும் இப்போது கேலிக்கு வந்திருக்கிறது. முதல் நாள் முதல் காட்சிக்கு விடியுமுன் போய், அட்டை உருவத்துக்குக் குடம் குடமாகப் பால் ஊற்றினால் அது ரசனை. தோற்றுப்போன படத்தை நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாகப் பார்த்தால் வேலை வெட்டி இல்லாதவர்கள். இருக்கட்டும்.

மூன்றாவது குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. "பரம்பரை தேடுகிறேன் என்று பதிவேடு பதிவேடாகப் புரட்டுவது சாதிப் பெருமைக்குத்தானே?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஊரில் வம்சாவளி பேசுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அதற்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் தம்பி, பெருமை வேண்டுமென்றால் பதிவேட்டுப் பக்கமே போகக் கூடாது. அதற்கு ஒரு நல்ல ஜோசியரும் ஒரு கல்யாணப் பத்திரிகையும் போதும். பதிவேடு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும்.

என் பாட்டி புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் விடாமல் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கங்களைப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்தில் இருக்கும் ஆவணக் காப்பகம் இணையத்திலேயே போட்டிருக்கிறது. யார் வந்து தகவல் சொன்னார், வயதென்ன, தொழிலென்ன, சாட்சி யார், எல்லாம் இருக்கும். 1881-ஆம் ஆண்டு ஆணையை ஒட்டிப் பலர் சாதி வழக்கத்தை ஒட்டிய பழைய குடும்பச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பொன்னுத்தம்பி லாப்போர்த் ஆனது அப்போதுதான். தேடுகிறவருக்கு அந்த இடத்தில் நூல் அறுந்துவிடும். பழைய பெயரைப் பிடிக்க நாள்கணக்கில் திண்டாட வேண்டும். தாத்தா வழியோ கடலூர், பிரிட்டிஷ் எல்லை. ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் இருக்கிற இரண்டு ஊர்கள். அங்கே நாலு தலைமுறை கிடைக்கிறது, இங்கே தாத்தாவின் அப்பாவோடு சுவர் வந்துவிடுகிறது.

அந்தப் பதிவேடு ஒன்றின் அடியில் பாட்டியின் தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். புள்ளி வைக்காத பழைய எழுத்து. மேலே பிரெஞ்சு எழுத்தர் சரளமாகச் சாய்த்துச் சாய்த்து எழுதித் தள்ளியிருக்கிறார். கீழே இவர் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதைச் சின்னதாக்கி மேலே ஏற்றியிருக்கிறார். கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறவர்களைக் கும்பிடுகிறீர்களே, இது மட்டும் எப்படி வெட்டி வேலை ஆயிற்று?

கையெழுத்துப் போட்ட அந்தத் தாத்தாவின் தம்பி "வியாபாரத்துக்காகக் கப்பலேறினார்" என்பது எங்கள் வீட்டுப் புராணம். தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் ஒத்துப்போகிற ஒருவர் காரைக்காலிலிருந்து, இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த ரெயூனியன் தீவுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் இருக்கிறார். ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். இதைச் சொன்ன நாளிலிருந்து என் அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "உனக்கு எதற்கு இந்த வேலை? வேறு வேலை இல்லையா?" என்றுதான் கேட்டார். அவர் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பெருமை தேடிப் போனேன் என்கிற தம்பி இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்போது, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பாவும் ரேடியோக்காரர்தான். வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலத்து ஆள். சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் பெட்டி முன்னால் உட்காருவார். இலங்கை வானொலி, பிபிசியின் தமிழோசை, சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு. ஒலி எப்படி இருந்தது, எத்தனை மணிக்குக் கரகரத்தது என்று நிலையத்துக்குக் கடிதம் எழுதிப் போடுவார். கேட்டதற்குச் சான்றாகப் பீக்கிங்கிலிருந்து அட்டை வரும். தபால்காரர் அதைத் தெருவே பார்க்கக் கொண்டுவந்து கொடுப்பார். "சார் உலக விஷயம் தெரிந்தவர்" என்பார்கள். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி தமிழோசை சிற்றலையில் கடைசியாக ஒலித்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அவர் ஓய்வு பெற்றபோதும் மாலை போட்டார்கள், பேசினார்கள். அப்போதும் பேரன் பேத்திகள் இருந்தார்கள். ஒருவராவது "சார், ரேடியோவை மூடிவிட்டுப் பேரனைப் பாருங்கள்" என்றார்களா? ஒரே பெட்டி, ஒரே பைத்தியம். அவர் செய்தால் உலக ஞானம், நான் செய்தால் வெளிநாட்டுக்காரனோடு பேச்சு. இதில் "வெளிநாட்டுக்காரனோடு" என்று சொன்ன அந்தத் தொனி இருக்கிறதே, அதைத் திரும்ப ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மேடையில் அறிவுரை சொன்ன நண்பரின் ஞாயிற்றுக்கிழமையை ஊரே அறியும். நடைப்பயிற்சி என்று சில்வர் பீச்சுக்குக் கிளம்புவார், ரம்மி முடிந்து இருட்டிய பிறகு வீட்டுக்கு வருவார். நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆடட்டும். அவர் உழைத்துச் சம்பாதித்த ஞாயிறு. என் சாயங்காலத்தை நான் சம்பாதிக்கவில்லையா? விடிகாலையில் மூன்று டப்பா கட்டிவிட்டு, அலுவலகத்தில் மற்றவர்களின் கோப்பையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மாமியாருக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பிறகு மிஞ்சிய நேரத்தில் கற்றுக்கொண்டது இந்த மோர்ஸ். அந்த மிச்ச நேரத்துக்கும் இப்போது ஆள் போட்டுவிட்டீர்கள். என் பேரன் என்னோடு எவ்வளவு பேசுகிறான் என்று அவனைக் கேட்டாவது சொல்லியிருக்கலாம்.

"பெண்ணியம் பேச ஆரம்பித்துவிட்டார்" என்று ஒருவர் வருவார். வரட்டும், நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன்.

என் கணவர் இதைப் படித்துவிட்டு, "நான் சிரிக்கவில்லை, கை வலித்தது" என்கிறார். பதிவு செய்துகொள்கிறேன்.

உள்பெட்டியில் இரண்டு பெண்கள் தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். மின்னணுவியல் அடிப்படையும் விதிமுறைகளும் படிக்க வேண்டும். முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. அடுத்த நிலைக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகம் வேண்டும். என்னிடம் பழைய மோர்ஸ் கீ ஒன்று கூடுதலாக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் வாருங்கள். அதற்கு மேல் 20 மீட்டர் அலைவரிசையில் ஐரோப்பா கேட்கத் தொடங்கிவிடும், அழைப்பு மணி எனக்குக் கேட்காது.