ஆண்டெனா ஒயரைக் கழற்றிப் பார்த்தீர்களா?

கார் ரேடியோவில் இரைச்சல் என்று கடைக்குப் போனால் முதலில் செட்டை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஃபில்டர் போடச் சொல்கிறார்கள். அந்த இரைச்சல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல் பத்து நிமிடத்தில் பார்க்கக்கூடிய விஷயம் அது. எங்கள் வீட்டில் பட்டதை எழுதுகிறேன், யாருக்காவது காசு மிச்சமாகட்டும்.

அப்பாவின் கார் பழைய பெட்ரோல் வண்டி. நாலு சிலிண்டர், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்தது. பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போக வர அதில் ஓடுவது திருச்சி வானொலிதான், மீடியம் வேவ் 936 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஏ.எம். போன வருடம் ஒரு சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து ஸ்டேஷனை அமுக்கிக்கொண்டு டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது டர்ர்ர் என்று ஒரே இழுப்பாகிவிடும். கடையில் "செட் பழசு சார், ஐசி போயிருக்கும்" என்றார்கள். 7,500 ரூபாய்க்கு டச் ஸ்கிரீன் செட் வந்தது. அதில் ஏ.எம். என்ற பட்டனே இல்லை. எஃப்.எம்மில் ஸ்டேஷன் கொஞ்சம் வலுவிழந்தால் அதே டிக்டிக். திரும்பப் போனோம். 450 ரூபாய்க்கு ஒரு ஃபில்டரை மாட்டினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏன் இவ்வளவு என்றால், கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த அந்தப் புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை, தென்னை முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது. வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவுக்கு இருந்தது அப்பாவின் கார் ரேடியோ ஒன்றுதான். நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டு பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று செய்தி கேட்டோம். இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்த நாட்களில் மீடியம் வேவ் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. ஊரில் ஒரு சார்ஜர், ஒரு எல்.இ.டி. பல்பு, ஒரு இன்வெர்ட்டர் ஓடவில்லை. அலையில் இரைச்சல் குப்பை சேர்க்க எதுவுமே இல்லை. ஏ.எம்மில் இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அலையின் உயரம் கூடிக் குறைவதில்தான் அங்கே குரல் இருக்கிறது. மின்சாரக் குப்பை வந்து ஏறுவதும் அதே உயரத்தில்தான். எஃப்.எம்மில் அலைவெண்தான் மாறுகிறது, அதனால் பெருமளவு தப்பித்துவிடுகிறது.

சரி, எங்கள் வண்டிக்கு வருகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். பழைய செட்டை எடுத்து வரச் சொல்லி மறுபடி மாட்டினார். வண்டியை மின்கம்பி எதுவும் இல்லாத வயல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். கம்பிக்கடியில் நின்றுகொண்டு காரைக் குறை சொல்லக் கூடாது இல்லையா. சாவியை ஏ.சி.சி.யில், அதாவது இன்ஜின் இல்லாமல் ரேடியோ மட்டும் ஓடும் இடத்தில், வைத்தால் ஸ்டேஷன் தெளிவு. ஆன் செய்தாலும் தெளிவு. இன்ஜின் எடுத்ததும் டிக்டிக். "தம்பி, இப்ப செட்டுக்குப் பின்னாடி கையை விட்டு ஆண்டெனாவைப் புடுங்கு" என்றார். புடுங்கினேன். ஸ்டேஷன் போய்விட்டது, கூடவே டிக்டிக்கும் போய்விட்டது. மெல்லிய உஸ்ஸ் மட்டும். "அவ்வளவுதான். கரண்ட் ஒயர் வழியா வரலை. காத்துல வந்து ஆண்டெனாவுல ஏறுது. அப்புறம் எதுக்கு ஃபில்டர்?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஃபில்டர் என்பது செட்டுக்குப் போகும் பவர் ஒயரில் வரும் இரைச்சலைத் தடுக்கிற காயிலும் கெப்பாசிட்டரும்தான். ஆண்டெனா வழியாக வருவதை அது எப்படித் தடுக்கும்? போதாததற்கு, கடையில் அதை மாட்டியிருந்தது சிவப்பு ஒயரில். வெளியில் வாங்கும் செட்டுகளில் சிவப்பு என்பது பெரும்பாலும் சாவியோடு ஆன் ஆவதற்கான ஒயர். செட் இழுக்கிற கரண்ட் முக்கியமாக வருவது பேட்டரியிலிருந்து நேராக வரும் மஞ்சளில். ஆக, பவர் வழியாக இரைச்சல் வந்திருந்தால்கூட அந்த ஃபில்டர் வேலை செய்திருக்காது.

காற்றில் வருவது எது? இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்கின் பொறி. 1887இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை முதலில் உண்டாக்கிக் காட்டியதே ஒரு தீப்பொறியை வைத்துத்தான். நம் பானட்டுக்குள் இருப்பதும் அதே கருவிதான். நாலு சிலிண்டர் வண்டி 800 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு 1,600 பொறி, 3,000 ஆர்.பி.எம்.மில் 6,000. வினாடிக்கு 100. டிக்டிக் டர்ர்ர் ஆவது இதனால்தான். இதை அடக்கத்தான் பிளக்குக்கு உள்ளேயே சுமார் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வைக்கிறார்கள். அண்ணன் நாலு பிளக்கையும் கழற்றினார். மல்டிமீட்டரின் ஒரு முனையை மேல் நுனியிலும் இன்னொன்றை நடுக் கம்பியிலும் வைத்தார். ரெசிஸ்டர் உள்ள பிளக் என்றால் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். நாலும் பூஜ்யம். சர்வீஸில் மாற்றிய பிளக், ரெசிஸ்டர் இல்லாத வகை. என்ஜிகே கம்பெனி பிளக்கில் எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: பிபி5இஎஸ் என்றால் இல்லை, பிபிஆர்5இஎஸ் என்றால் உண்டு. அந்த ஒரு 'ஆர்' தான் வித்தியாசம். வண்டி இரண்டிலும் ஓடும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பிளக் மாற்றியதும் முக்கால்வாசி போய்விட்டது. மீதி கால்வாசியை விட அண்ணனுக்கு மனசில்லை. ஃபெண்டரில் இருந்த ஆண்டெனாவின் நட்டைக் கழற்றினார். அடியில் தகடு முழுக்கக் காவி நிறத்தில் துரு, விரலால் தொட்டால் பொடி பொடியாக உதிர்ந்தது. ஆண்டெனா ஒயரைச் சுற்றியிருக்கும் கம்பி வலை அந்த இடத்தில்தான் பாடியோடு எர்த் ஆக வேண்டும். எர்த் இல்லையென்றால் வலையே ஆண்டெனா மாதிரி இன்ஜின் பக்கத்துக் குப்பையை எல்லாம் வாங்கி உள்ளே அனுப்பும். மீட்டர் வைத்தால் முள் எங்கெங்கோ அலைந்தது. உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரிகிற வரை தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, நட்டை முடுக்கினார். மறுபடி வைத்தபோது ஒரு ஓமுக்கும் கீழே. இன்ஜினை எடுத்து 936 வைத்தோம். அப்பா ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துப் பார்த்தார். நாதஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

பிளக் நாலும் சேர்த்து ஐநூறு ரூபாய்க்குள். அண்ணன் கூலியாக முந்நூறு வாங்கிக்கொண்டார்.

எல்லா வண்டியிலும் பிளக்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. ஆண்டெனாவைக் கழற்றிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை, அதுவும் ஊய்ங் என்ற விசில், இன்ஜின் வேகத்தோடு சுதி ஏறுகிறது என்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டர் பக்கம் போங்கள். ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டதும் விசில் கூடினால் சந்தேகம் வலுக்கிறது. அதற்குள் இருக்கும் டயோடு ஒன்று போயிருக்கலாம், எர்த் சரியில்லாமலும் இருக்கலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை, அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்நேட்டரைப் பிரிக்க வேண்டியதுதான். சில மலிவு மீட்டர்கள் ஏ.சி. ரேஞ்சில் டி.சி.யையும் சேர்த்துக் காட்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போதே இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த மீட்டரை நம்பாதீர்கள். விசில் எதுவும் இல்லாமல் ஒரே சீராக இரைகிறது என்றால் வேறு எதையும் தொடும் முன் சிகரெட் லைட்டரில் சொருகியிருக்கும் போன் சார்ஜரை உருவுங்கள். என் மச்சானின் வண்டியில் அதுதான்.

2023இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் புது வண்டிகளில் ஏ.எம்மை எடுத்துவிடப் போவதாக இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே மாதத்தில் அந்த முடிவைக் கைவிட்டது. எலெக்ட்ரிக் வண்டிகளில் மோட்டாரை ஓட்டுகிற இன்வெர்ட்டர் கிளப்பும் இரைச்சல் ஏ.எம்மைக் கெடுக்கிறது என்று பல கம்பெனிகள் ஏ.எம்மையே எடுத்துவிட்டன. அடக்குவதற்குச் செலவாகும், சிரமம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஒரு வாரம் எங்கள் தெரு எதைக் கேட்டு உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

டச் ஸ்கிரீன் செட் அட்டைப் பெட்டியோடு பரண் மேல் இருக்கிறது. வைப்பர் போட்டால் இன்னும் லேசாக ஒரு கரகரப்பு வருகிறது. மழைக்காலத்துக்குள் அந்த மோட்டாரின் எர்த்தையும் பார்த்துவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.