நீங்க எந்த லைன்?

மும்பைத் தமிழரிடம் “நீங்க எந்த லைன்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் “சென்ட்ரல்” என்பார். இன்னொருவர் “எக்ஸ்போர்ட்” என்பார். தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி எடுத்துப் போகும் அண்ணாச்சியிடம் கேட்டால், தினமும் ஹார்ன் அடித்துக்கொண்டு சுற்றும் நாலு தெருவைச் சொல்வார். முதல் ஆள் சொன்னது ரயில், அடுத்தவர் தொழில், அண்ணாச்சி சுற்றும் தெரு. மூன்றும் சரியான பதில்தான்.

இதை எழுதக் காரணம், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவந்த தூய தமிழ்ப் பட்டியல். ‘லைன் – கோடு’ என்று அதில் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். தமிழ்மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் “ஞாயித்துக்கிழமை சென்ட்ரல் கோட்டில் மெகா பிளாக்” (பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவைப்பது) என்று பட்டியல் போட்டவர் தன் வீட்டில் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். என்னைக் கேட்டால் லைன் இப்போது இங்கிலீஷ் வார்த்தையே இல்லை. நாம் அதற்கு ஏற்றிவைத்திருக்கும் பொருள்களில் பாதி இங்கிலீஷ்காரனுக்கே புரியாது.

முதலில் ரயில். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் ஓடிய வண்டியோடு ஆரம்பித்தது இந்த ஊரின் லைன் கதை. இன்றைக்கு வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர் என்பதெல்லாம் தண்டவாளத்தின் பெயர் மட்டும் இல்லை, ஆளின் அடையாளம். வாடகை எவ்வளவு, ஆபீஸ் போக எத்தனை வண்டி மாறணும், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு சேரலாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சில் “பையன் ஹார்பர் லைன்” என்று சொல்லும்போது சில அத்தைகளின் குரல் அரைக்கட்டை இறங்குவதைக் கேட்டிருக்கிறேன். தாராவி வெஸ்டர்ன், சென்ட்ரல் இரண்டு லைனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே போனால் மாஹிம், கிழக்கே போனால் சயான். மாட்டுங்கா இன்னும் மோசம். மாட்டுங்கா சென்ட்ரலில், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்னில். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் எதில் இறங்குவார் என்பது அவரவர் அதிர்ஷ்டம். போதாததற்கு மெட்ரோ வேறு வந்துவிட்டது. அங்கே லைனுக்கு நம்பர். 2024 அக்டோபரில் ஓடத் தொடங்கிய மூன்றாம் லைனில் தாராவிக்கே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது.

சரி, மரின் லைன்ஸ் ஸ்டேஷனுக்கு வருவோம். அந்த ‘லைன்ஸ்’ ரயில் லைன் இல்லை. பிரிட்டிஷ் காலத்தில் மரைன் பட்டாளம் ஒன்று அந்தப் பக்கம் தங்கியிருந்தது. சிப்பாய்களின் குடியிருப்பு வரிசை வரிசையாக இருக்கும், அதற்குப் பேர் லைன்ஸ். டெல்லியின் சிவில் லைன்ஸ், ஊருக்கு ஊர் இருக்கிற போலீஸ் லைன்ஸ் எல்லாம் அதே குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை இலங்கை மலையகத்துக்கும் போனது. முதலில் காபித் தோட்டத்துக்கும், அப்புறம் தேயிலைத் தோட்டத்துக்கும் நம் ஊர்களிலிருந்து கூட்டிப்போன சனங்களை நீளமான கட்டடங்களில் அடைத்தார்கள். துரைமார் அதை லைன் என்றார்கள். சனங்கள் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆனது. சங்கீதத்து லயத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு அறை, முதுகோடு முதுகு ஒட்டி அடுத்த குடும்பம். மும்பையில் சால் (வரிசை அறைக் குடியிருப்பு) என்றும் கோலி (அதில் ஒற்றை அறை) என்றும் நாம் சொல்வதற்கு இது ரொம்பத் தூரம் இல்லை. இந்த லயத்துக்குப் பட்டியல்காரர்கள் என்ன சொல் தரப்போகிறார்கள்? அதை எடுத்துவிட்டு ‘கோடு’ என்றோ ‘வரிசை வீடு’ என்றோ எழுதினால் மலையகத்தாரின் நூறு வருஷத்துக்கும் மேலான பாடு அதில் இருக்காது.

இங்கிலீஷுக்கே இது இரவல் சொல்தான். லத்தீனிலிருந்து வந்தது, அங்கே அதற்கு ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல் என்று பொருள். கடையில் ஆளிவிதை என்று விற்கிறார்களே, அதே செடி. லினன் துணியும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, மொட்டைமாடியில் துணி காயப்போடக் கட்டுகிற கயிற்றை லைன் என்பதுதான் பழைய பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதற்கு மட்டும் நம்மிடம் ‘கொடி’ என்று அருமையான சொல் உண்டு. மும்பையில் பிறந்த பிள்ளைகளுக்குக் கொடி என்றால் ஆகஸ்ட் 15 தான் நினைவுக்கு வருகிறது. இந்த ஒரு இடத்தில் பட்டியல்காரர் கட்சிக்கு நான் வருகிறேன்.

ஆபீஸில் தினமும் நம்மை மிரட்டும் டெட்லைனுக்கு இன்னும் கொடூரமான பூர்வீகம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 வாக்கில், ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உள்பக்கமாக ஒரு எல்லை வைத்திருந்தார்கள். தாண்டிய கைதியைக் காவலாளி சுட்டுவிடுவான். நம் மேனேஜர்கள் பரவாயில்லை, மெயில்தான் அனுப்புகிறார்கள்.

தண்ணி லைன், கேஸ் லைன், கரண்ட் லைன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நிற்கிற லைன் அப்படி இல்லை. பிரிட்டிஷ்காரன் அதை க்யூ என்கிறான். லைன் என்பவன் அமெரிக்கன். நாம் அமெரிக்காவைப் பார்க்காமலே லைனைப் பிடித்துக்கொண்டோம். ரேஷன் லைன், கக்கூஸ் லைன், ஷேர் ஆட்டோ லைன். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 ராத்திரிக்கு அப்புறம் பேங்க் வாசலில் நின்ற லைனை யாரும் மறந்திருக்க மாட்டோம். ‘வரிசை’ என்ற சொல்லில் மரியாதையும் சேர்ந்திருக்கிறது. சீர்வரிசை வைக்கிறோம், வரிசை தெரிந்து நடத்து என்கிறோம். லைனில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. யார் முதலில் வந்தாரோ அவர் முன்னால், சாதியும் சம்பளமும் கேட்காது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அப்புறம் இந்தி. ‘லைன் பே ஆஜா’ என்றால் ஒழுங்குக்கு வா. ‘லைன் மார்னா’ என்றால் பெண்கள் பின்னால் சுற்றுவது. தமிழிலும் ‘லைன் போடுறான்’ என்று சேர்ந்துகொண்டோம். யாராவது தமிழிலிருந்து வெளியேற்ற வேண்டுமென்றால் இதைத்தான் வெளியேற்ற வேண்டும். பிளாட்பாரத்தில் லேடீஸ் டப்பா (பெண்கள் பெட்டி) வந்து நிற்கும் இடத்திலேயே வேலை இல்லாமல் நின்று முறைக்கிறவன் செய்வது தொந்தரவு. அதற்கு லைன் என்று செல்லப்பெயர் வைத்ததும் விளையாட்டாகிவிடுகிறது, வீட்டில் சொன்னால் மாமாக்கள்கூடச் சிரிக்கிறார்கள். சென்ட்ரல் லைனையும் ரேஷன் லைனையும் கோடு ஆக்கக் கிளம்பிய அந்தப் பட்டியலில் இந்தப் பொருளைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. குழுவில் இதைக் கேட்டேன். தமிழ் வாழ்க என்று மூன்று பேர் கைகூப்பி அனுப்பியிருக்கிறார்கள்.