ஒரு ஆளுக்காக பஸ் நிற்கக் கூடாதாம்

அந்த வீடியோவை நான் பகிரப் போவதில்லை. நேற்றிலிருந்து எல்லோர் பக்கத்திலும் ஓடுகிறது, பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏறுவதற்காக நடத்துநர் இறங்கி, பஸ் வாசலில் இருக்கும் சாய்வுப் பலகையை விரிக்கிறார். உள்ளேயிருந்து ஒரு குரல்: "ஆட்டோவுல போக வேண்டியதுதானே?" அதுகூடப் போகட்டும், ஏதோ அவசரத்தில் கத்தியிருப்பார். கீழே கமெண்டில் வந்து, "ஒரு ஆளுக்காக அறுபது பேர் காத்திருக்கணுமா?" என்று நிதானமாக நியாயம் பேசுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வீடியோவில் இருப்பது தரை தாழ்வான பஸ். இந்தத் தாழ்தளப் பேருந்து யாருக்கோ போட்ட பிச்சை இல்லை. இத்தனை காலம் இருந்த உயரமான படிதான் நம் எல்லோருக்கும் நடந்த அநியாயம்.

நம் ஊர் பஸ் ஏன் அவ்வளவு உயரம் என்று யோசித்திருக்கிறீர்களா? லாரி சேஸியின் மேல் கூண்டு கட்டி, பஸ் என்று பெயர் வைத்தோம். முன்னால் இன்ஜின், நீளவாக்கில் இரும்புச் சட்டம், அதற்கு மேலேதான் தரை. அரிசி மூட்டைக்கு முழங்கால் வலிக்காது, மனிதர்களுக்கு வலிக்கும். தாழ்தளத்தில் இன்ஜினைப் பின்னால் தள்ளி, சட்டத்தை இறக்கி, தரையை ரோட்டிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். மற்ற வண்டிகளில் 650, 900 என்று போகும். நிறுத்தத்தில் ஏர் சஸ்பென்ஷனின், அதாவது வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளின், காற்றை இறக்கினால் ஏறும் பக்கம் இன்னும் கொஞ்சம் தணிந்து கொடுக்கும். இது சக்கர நாற்காலிக்கு மட்டுமா? கைக்குழந்தைக்காரிக்கு இல்லையா? கர்ப்பிணிக்கு இல்லையா?

என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சைதாப்பேட்டை ஸ்டாப்பில் அவள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இடது கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் கம்பியைப் பற்றி, ஒரு காலை மேலே வைத்து அடுத்ததை எடுப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். ஒருமுறை படியின் இரும்பு விளிம்பு கணுக்காலுக்கு மேல் கிழித்தது, தழும்பு இன்னும் இருக்கிறது. "சீக்கிரம் ஏறும்மா, எல்லாரும் வேலைக்குப் போறவங்க" என்றார்கள். அம்மாவும் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அப்புறம் பஸ்ஸை விட்டாள், கொஞ்ச நாளில் வேலையையும் விட்டாள். அவள் எந்த மாற்றுத்திறனாளிக் கணக்கிலும் வரமாட்டாள். உயரமான படி வீட்டில் உட்காரவைத்த இப்படிப்பட்ட அம்மாக்களை யார் எண்ணினார்கள்?

"நம்ம ரோட்டுக்கு இதெல்லாம் சரிவராது" என்பீர்கள். சரி, இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மழைத் தண்ணீர் தேங்கும், இஷ்டத்துக்குப் போட்ட வேகத்தடையில் அடிப்பகுதி இடிக்கும். தாழ்தளப் பேருந்து கேட்டு மாற்றுத்திறனாளிகள் போட்ட வழக்கில் அரசுத் தரப்பும் நீதிமன்றத்தில் சாலையைத்தான் காரணம் காட்டியது. ஆனால் ரோடு மோசம் என்றால் ரோட்டைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். அம்மாவின் முழங்காலையா சரிசெய்யச் சொல்வது?

"விலை அதிகம்." ஆமாம், அதிகம்தான். அடுத்து?

"நேரம் வீணாகிறது." யாருடைய நேரம்? படி தாழ்வாக இருந்தால் எல்லோருமே சட்டென்று ஏறி இறங்கலாம். அது மிச்சம் பிடித்துத் தரும் நேரத்தை மட்டும் எந்தக் கணக்கிலும் காணோம். அதே வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். நிறுத்தத்தில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. அதனால் பஸ் நடைமேடையை ஒட்டி வர முடியாமல் நடுரோட்டில் நிற்கிறது. பலகையைத் தார்ச்சாலையில் விரித்தால் செங்குத்தாகத்தான் இருக்கும், நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். தாமதம் அங்கேதான். அந்தக் கார்க்காரரைப் பற்றி ஒரு கமெண்ட்? தேடிப் பார்த்தேன், இல்லை.

இந்த வண்டிகள் தானாக வந்துவிடவும் இல்லை. எல்லோரும் பயன்படுத்தக்கூடிய போக்குவரத்து வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருந்தும் மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் சென்னைக்கு 58 தாழ்தளப் பேருந்துகள் வந்தன. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின, அவையும் தாழ்தளம்தான். வழக்குப் போட்டு வாங்கித் தந்தவர்கள் அவர்கள். முதலில் ஏறி ஜன்னலோர சீட் பிடித்தவர்கள் நாம். இப்போது அவர்களையே ஆட்டோவில் போகச் சொல்கிறோம்! நன்றாக இருக்கிறது.

"எமோஷனலா பேசாதீங்க" என்று ஒருவர் வருவார், தெரியும். அந்தக் கமெண்டுக்கு லைக் போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், பார்த்தேன். பஸ் ஏற முடியாமல் அம்மா விசேஷங்களுக்குப் போகாமல் இருந்தபோது, "ரொம்பத்தான் பிகு பண்ணிக்கிறா" என்றவர்களும் இவர்களேதான். அன்றைக்கு ஒரு ஆட்டோ அனுப்பியிருக்கலாமே?

கமெண்ட் திறந்துதான் இருக்கிறது. ரோடு, விலை, நேரம், எதை வேண்டுமானாலும் பேசுங்கள். "ஆட்டோவில் போகலாமே" என்பவர்கள் மட்டும், ஆட்டோ காசை ஜிபே பண்ணிவிட்டு வந்து எழுதவும்.