பாட்டுக்கு முன்னால் வந்த பெயர்கள்

2024 பிப்ரவரியில் இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி மறைந்தபோது, பம்பாய் செம்பூரில் எங்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல், "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று. சமீபத்தில் யாரோ பழைய அந்தாக்ஷரி (ஒருவர் பாட்டு முடிந்த எழுத்தில் அடுத்தவர் பாட்டைத் தொடங்கும் போட்டி) வீடியோ ஒன்றைப் போட, மறுபடியும் அதே பல்லவி. எனக்கும் அந்த நிகழ்ச்சிகள் உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பாட்டெல்லாம் தேன், இன்றைக்கு எல்லாம் குப்பை, அதனால்தான் இப்போது அப்படி ஒரு போட்டி வருவதில்லை என்கிற கணக்கு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் போட்டிகளுக்கு வேண்டிய பாடத்தை வானொலி தினமும் வீட்டுக்கே வந்து இலவசமாக நடத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலு பெயரும் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள்.

சயானி நடத்திய இந்திப் பாட்டு நிகழ்ச்சி பினாகா கீத்மாலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அது எந்தப் பாட்டு எத்தனையாவது படி என்று சொல்லும் பட்டியலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. 1952 டிசம்பரில் ஆரம்பித்தபோது அது ஒரு போட்டி. ஏழு பாட்டுகளைக் கலைத்துப் போட்டு ஒலிபரப்புவார்கள், எது முதலில் வந்தது, எது அப்புறம் வந்தது என்று கால வரிசைப்படி அடுக்கி எழுதி அனுப்ப வேண்டும், பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம், ஒரு வருஷத்துக்குள் வாரத்துக்கு 65,000 என்று சயானியே சொல்லியிருக்கிறார். அத்தனையையும் பிரித்துத் திருத்தி மாளாமல்தான் 1954 வாக்கில் போட்டியைக் கைவிட்டுப் பட்டியலுக்கு மாறினார்கள். யோசித்துப் பாருங்கள், கூகுள் இல்லை, வீட்டில் இசைத்தட்டு வைத்திருந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம், ஆனாலும் எந்தப் படம் எந்தப் படத்துக்கு முன்னால் வந்தது என்று எழுதிப் போட அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள்.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும் விஷயம் ஒன்று உண்டு. நிகழ்ச்சி பதிவானது இதே பம்பாயில். டேப் விமானம் ஏறிக் கொழும்புக்குப் போய், புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ரேடியோ சிலோனின் சிற்றலை வழியாகப் பம்பாய்க்கே திரும்பி வரும்! ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து அதைத் தள்ளி வைத்ததன் விளைவு. 1957 அக்டோபரில் விவித் பாரதியை ஆரம்பித்துத்தான் போன நேயர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. சரி, நல்லதுக்குத்தான். தடை இல்லாவிட்டால் கொழும்புக்கு அந்த வாழ்வு வந்திருக்குமா?

நாங்கள் வளர்ந்தது ஆண்டாப் ஹில் மத்திய அரசுக் குடியிருப்பில். எதிர் வீட்டு மராத்தி காக்கு (சித்தி) வீட்டு ரேடியோவில் இந்தி, எங்கள் வீட்டில் அதே கொழும்பின் தமிழ்ச் சேவை. பம்பாய்க்கு அது கடல் அலை மாதிரி ஏறி இறங்கித்தான் வரும், பாட்டின் நடுவே குரல் காணாமல் போய் சரணத்தில் திரும்பி வரும். இருந்தாலும் அப்பா விடமாட்டார். அதன் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் பெயரைச் சொன்னாலே அந்த உச்சரிப்பு காதில் கேட்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு டிவியில் சினிமாப் பாட்டுக் காட்டும் ஒலியும் ஒளியும் இருந்தது, சித்தப்பா பெண் கடிதத்தில் எழுதி வெறுப்பேற்றுவாள், எங்களுக்கு இங்கே இந்திச் சித்ரஹார்தான். ஆகவே தமிழ்ப் பாட்டென்றால் காதால் கேட்டதுதான், முகம் அப்புறம்தான் தெரியும். எங்கள் தலைமுறை பம்பாய்த் தமிழர்கள் பலர் நடிகரைவிடப் பாடலாசிரியரை முதலில் தெரிந்துகொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஹமீத் இலங்கை வானொலியில் நடத்திய பாட்டுக்குப் பாட்டு பிறகு சன் டிவிக்கு வந்தது, 90களில் மாதுங்காவிலும் செம்பூரிலும் கேபிள்காரரிடம் சண்டை போட்டு சன் டிவி வாங்கியவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வாங்கியிருப்பார்கள். ஏறக்குறைய அதே சமயம் ஜீ டிவியில் அன்னு கபூரின் அந்தாக்ஷரி, 1993-ல் ஆரம்பித்தது. தீவானே, பர்வானே, மஸ்தானே என்று மூன்று அணி. எங்கள் வீட்டில் இரண்டும் ஓடும். பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. இந்தியில் விட்ட எழுத்தில் பிடிக்கும் ஆட்டம் சுலபமாக ஓடும், அவர்கள் வரிகள் பாதி 'ஹை' என்றே முடியும், 'ஹ'வில் பாட்டு கொட்டிக் கிடக்கிறது. தமிழில் அது முடியாது. நம் வரி 'ன்' என்று முடியும், 'ள்' என்று முடியும், அந்த எழுத்தில் சொல்லே தொடங்காது, பாட்டு எங்கிருந்து வரும்?

மெட்ராஸ் மெயிலில் ஊருக்குப் போகும்போது இதற்காக நடந்த சண்டைகளைச் சொல்லி மாளாது. 'ன்' வந்தால் 'ந', 'ள்' வந்தால் 'ல' என்று சோலாப்பூர் வருவதற்குள் ஒரு சட்டம் போடுவோம். 'ல' வந்ததும் பெரியண்ணா "லல்லல்லா" என்று ஹம்மிங்கை ஆரம்பிப்பான், ஹம்மிங் பாட்டில் சேர்த்தியா இல்லையா என்று குண்டக்கல் வரை வழக்கு நடக்கும். ஹமீத் செய்தது எளிமையான காரியம், எழுத்தைத் தானே கொடுத்துவிட்டார். வழக்கு முடிந்தது. நல்ல நடத்துநருக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான். பாடியவர் ஒரு சொல்லை மாற்றிப் பாடினால்கூட அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது வரும் பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குழந்தைகள் அன்றைக்கு விட நன்றாகப் பாடுகிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அதைப் பார்க்கும் எனக்கு வேலை எதுவும் இல்லை, அழுகிறவர்களோடு சேர்ந்து அழுவதைத் தவிர.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். 2001-ல் பெங்களூரில் ரேடியோ சிட்டி வந்ததோடு தனியார் எஃப்எம் காலம் தொடங்கியது. காரில் போகும்போது கேளுங்கள், பாட்டு முடிந்ததும் விளம்பரம், ஒரு ஜோக், அடுத்த பாட்டு. எழுதியவர் பெயர் எப்போதாவது காதில் விழுந்திருக்கிறதா? செயலிகளில் இன்னும் மோசம், எத்தனையோ பழைய தமிழ்ப் பாட்டுகளுக்குப் பாடலாசிரியர் பெயரே இல்லை, பாடியவர் என்ற இடத்தில் இசையமைப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு ஒரு கல்லூரிப் பெண்ணிடம் "இதை எழுதியது யார்" என்று கேட்டுவிட்டு அவளுக்குத் தெரியவில்லை என்று உச்சுக்கொட்டுவது அநியாயம். அவளுக்கு யார் சொன்னார்கள்? விவித் பாரதி மட்டும் இன்னும் சொல்கிறது, அதைக் கேட்பவர்கள் எங்கள் வயதுக்காரர்கள்.

அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். நாலு பெயர் சொன்னார்களே தவிர, புல்லாங்குழல் யார், வயலின் யார், கோரஸில் பாடிய பெண்கள் யார் என்று எந்த அறிவிப்பாளரும் சொன்னதில்லை. எத்தனையோ பாட்டுகளில் அவர்கள் பெயர் இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் உங்கள் பரணில் இருந்தால், இப்போது நிறைய பேர் அதைக் கணினியில் ஏற்றுகிறார்கள், ஏற்றும்போது பாட்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு அறிவிப்பாளர் பேசும் பகுதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பாட்டு இணையத்தில் பத்து இடத்தில் கிடைக்கும், அந்த அரை நிமிஷப் பேச்சு உங்கள் கேசட்டில் மட்டும்தான் இருக்கலாம். எங்கே, எப்போது பதிவு செய்தது என்று தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.