விஸ்கியை லெமனேடாக மாற்றியது தப்பு

சிறுவர் கதை என்றால் பயத்தையும் சாவையும் வடிகட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். பிக்கிள்ஸ் என்ற பிரிட்டிஷ் போர் விமானியைப் பற்றிய சிறுவர் கதைகளுக்கு நடந்ததைப் பாருங்கள்.

எழுதியவர் டபிள்யூ. ஈ. ஜான்ஸ். முதல் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1918 செப்டம்பரில் மன்ஹைம் நகரத்துக்குக் குண்டு போடப் போனபோது சுடப்பட்டு விழுந்தார், கூடப் பறந்தவர் செத்துப்போனார், இவர் ஜெர்மானியர்களிடம் சிக்கினார். அப்படிப்பட்டவர் 1932-ல் எழுத ஆரம்பித்த கதைகள் இவை. அதனால்தான் முதல் கதையிலேயே பிக்கிள்ஸ் வீரதீரமாக வருவதில்லை. மெலிந்த பையன், கை ஒரு நிலையில் இருக்காமல் சட்டைக் கழுத்தை நோண்டிக்கொண்டே இருக்கும். நரம்பு தளர்ந்துபோனவன் என்று சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. அவன் ஓட்டும் கேமல் விமானமும் லேசுப்பட்டதில்லை. புரொப்பெல்லரோடு சேர்ந்து எஞ்சினே முழுசாகச் சுற்றும், அந்த வேகத்தில் வலது பக்கம் சட்டென்று இழுக்கும், அது பிடிபடாமல் செத்த புதுப் பையன்கள் நிறைய. எஞ்சின் உராயாமல் ஓட ஊற்றியது நம் வீட்டு விளக்கெண்ணெய்தான், அது முகத்தில் தெறித்துக்கொண்டே இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கதையில், மேலே நின்று வேவு பார்க்கும் எதிரியின் பலூனைச் சுட்டு வீழ்த்துபவர்களுக்கு ஒரு பெட்டி விஸ்கி பரிசு. 1950-களில் பிள்ளைகளுக்காக மறுபதிப்புப் போட்டபோது அதை லெமனேடு ஆக்கிவிட்டார்கள். குடியைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகக் கூடாது என்ற அக்கறை எனக்கும் புரிகிறது, ஆனால் சுற்றிலும் பீரங்கிகள் காவல் நிற்க, ஹைட்ரஜன் நிரம்பிய பலூனை நோக்கிப் போகிறவன் லெமனேடுக்காகப் போகிறான் என்றால் அது பள்ளிக்கூட விளையாட்டு விழா ஆகிவிடுகிறது. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இருபது வயசுக்காரர்கள் ஏன் குடித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டுமே, கேட்டால் நாம் பதில் சொல்வோம்.

பின்னால் வந்த பிக்கிள்ஸ் புத்தகங்கள் பலவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெள்ளையர் அல்லாதவர்களை அவை காட்டும் விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆரம்பக் கதைகள் வேறு.

பலூன் கதையை என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன், பன்னிரண்டு வயசு. "பாராசூட் இருக்கும்ல அப்பா?" என்றான். பலூனில் இருந்தவர்களுக்கு இருந்தது, அதைச் சுடப் போன பிரிட்டிஷ் பைலட்டுகளுக்குப் போர் முடியும்வரை கொடுக்கவில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.