நாலு வயர் சென்சாரில் மீட்டர் மாட்டினால் வைட்பேண்ட் ஆகிவிடாது

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: காரோடு வந்த நாலு வயர் ஆக்சிஜன் சென்சாரில் ஒரு மீட்டர் மாட்டினால் போதும், காற்று-பெட்ரோல் கலவையைப் பரந்த அளவில் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வீண் செலவு என்று. தவறு. காரோடு வந்த அந்தச் சென்சார் லாம்ப்டா 1-ஐ, அதாவது காற்றும் பெட்ரோலும் மிச்சமில்லாமல் எரியும் சரியான கலவையை, ஒட்டித்தான் சரியாகச் சொல்லும். அதைத் தாண்டினால் சுமார் 0.1 அல்லது 0.9 வோல்ட், அவ்வளவுதான், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது கலவை லாம்ப்டா 0.85-ஆ 0.95-ஆ என்று அதை வைத்து நம்பிப் பிரிக்கவே முடியாது, அந்த மீட்டரைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்தால் பிஸ்டனே உருகக்கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள். பாஷ் எல்எஸ்யு 4.9 என்ற வைட்பேண்ட் சென்சாரை வாங்குங்கள், அதை இயக்கும் கன்ட்ரோலரும் கட்டாயம் வேண்டும். அப்புறம், பங்க்கில் இப்போது இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது), எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு பொருந்தாது, லாம்ப்டாவிலேயே பாருங்கள்.