ஞாயிறு என்றாலே பூட்டுதான்

ஜெர்மனியில் தனியாக இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாலே எரிச்சல்தான். சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் பூட்டு. சனிக்கிழமை வேலை முடிய நேரமாகிவிட்டால், பால் வாங்க ரயில் நிலையத்துக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ ஓட வேண்டும். காய்ச்சலில் படுத்துவிட்டால் அதற்கும் வழியில்லை. சுவரில் டிரில் போடக்கூடாது, காலி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடக்கூடாது. சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். மற்ற நாட்களில் அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை.

இது வெறும் வழக்கமில்லை, சட்டம். ஞாயிறு ஓய்வுக்கும் ஆன்ம உயர்வுக்குமான நாள் என்று ஜெர்மனியின் முதல் குடியரசுக்கான 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பு சொன்னதை, 1949இல் இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் கடை திறக்க பெர்லின் அனுமதித்ததைக்கூட எதிர்த்து, கிறிஸ்தவ சபைகள் வழக்குப் போட்டு 2009இல் ஜெயித்தன.

கடை ஊழியருக்கு ஓய்வு வேண்டும், சரி. தொழிற்சங்கங்கள் கேட்பது நியாயமே. மருத்துவமனையிலும் ரயிலிலும் முறை வைத்து விடுப்பு கொடுக்கிறார்களே, கடையில் முடியாதா? கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்ற இரண்டு பெரிய சபைகளின் உறுப்பினர்களையும் சேர்த்தால்கூட இன்று மக்கள்தொகையில் பாதி தேறாது. மீதிப் பேர் ஏன் அவர்கள் கிழமைக்குக் கட்டுப்பட வேண்டும்? குடும்பம் இருப்பவர்களுக்கு அது நல்ல நாள். தனி ஆளுக்குக் காசாளரிடம் இரண்டு வார்த்தை பேசக்கூட வழியில்லாத நாள். மளிகைக் கடையையாவது மதியம் வரை திறந்து வைக்கட்டும்.